பக்கத்து சீட்டில் யார்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ராஜபாளையத்தில் யாருக்கும் விளங்காது. பட்டாளத்தில் லாரிகளுக்கு அடியிலேயே இருபது வருடம் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் மிலிட்டரி. வேலை ஆக வேண்டியிருந்தால் மிலிட்டரி அண்ணாச்சி. வில்லிபுத்தூர் சாலையில், பஞ்சாலைச் சுவர் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஷெட். மேற்கே மலை. மலைக்காற்று இறங்குகிற மாதங்களில் அந்தத் தகரம் ஓயாமல் பேசும். அதற்கும் சேர்த்து அவர் பேசாமல் இருப்பார்.

ஸ்டீயரிங் வேலை மட்டும்தான் பார்ப்பார். இஞ்சின் கொதிக்கிறது என்று யாராவது போய் நின்றால், "அது வயித்துக் கோளாறு. நான் கழுத்து வைத்தியன்லா. எதுத்தாப்ல போங்க" என்று எதிர் ஷெட்டைக் காட்டிவிடுவார்.

ஸ்டீயரிங் என்று வந்துவிட்டாலும் முதலில் வண்டியைத் தொட மாட்டார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே இடித்தது, என்ன சத்தம், எதுவும் கேட்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுப்பார், ஊதுவார், துடைப்பார், போட்டுக்கொண்டு ஆளைப் பார்ப்பார். ஒரே கேள்வி.

"பக்கத்துல யாரு உக்காருவா?"

இந்தக் கேள்விக்கு முன்னால் மனிதர்கள் என்னென்னவோ ஆவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாகக் கல்யாணமான ஒருவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பேரப்பிள்ளைகளின் பெயர்களை வருகைப்பதிவு மாதிரி வாசித்தார். பருத்தி வியாபாரி ஒருவர், "ஏன், நீரு வாரீரா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் காத்துக் கிடந்தார். இன்னொருவர் சீட்டில் சாமி படம் வைத்திருப்பதாகச் சொன்னார். "அவருக்கு நம்ம சாமான் தேவைப்படாது" என்றார் மிலிட்டரி.

என் வண்டியில் அந்த சீட் இரண்டு வருடமாகக் காலியாக இருந்தது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மகள் அவள் அம்மாவோடு வில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்தாள். கல்லூரிப் பேருந்தில் கிருஷ்ணன்கோவிலுக்குப் படிக்கப் போய் வந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் வில்லிபுத்தூரில் ஒரு பேக்கரியில் அரை மணி நேரம் என்னைப் பார்ப்பாள். தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள், பரீட்சை பற்றிச் சொல்வாள், சிரிக்கக்கூடச் செய்வாள். வெளியே வந்ததும் நான் வண்டிக் கதவைத் திறப்பேன். "பக்கந்தானப்பா, நடந்துருவேன்" என்பாள். திறந்த கதவை மூடுகிற சத்தம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ராஜபாளையத்தில் நான் தனியாக இருந்த வாடகை வீட்டுக்கு அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

மிலிட்டரியின் கேள்விக்கு வருகிறேன். அது குசலம் விசாரிப்பதல்ல. என்ன சாமான் போடுவது என்று அவர் முடிவு செய்வதே அந்த பதிலை வைத்துத்தான்.

சாமான்களில் அவருக்கு மூன்று வகை. கம்பெனி சாமான், வண்டியைச் செய்த கம்பெனியின் முத்திரைப் பெட்டியில் வருவது. மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், விலை அதிகம், காத்திருக்க வேண்டும். மார்க்கெட் சாமான், வேறு பெயரில் வேறு பெட்டியில் வருவது. ஒழுங்கான ஆலையில் செய்ததுதான், அன்றைக்கே கிடைக்கும். மூன்றாவது டூப்ளிகேட். முத்திரைப் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டிக்குள் யாரோ எங்கேயோ வார்த்த இரும்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம், "செருப்போட உள்ள வாங்க, குத்தமில்ல. அத மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுட்டு வாங்க" என்பார்.

முதல் இரண்டுக்கும் இடையில்தான் அந்தக் கேள்வி. பக்கத்தில் ஆள் உண்டு என்றால் கம்பெனி சாமான். அது வந்து சேரும்வரை வண்டி ஷெட்டில் கிடக்கும், அவசரம் என்று அழுதாலும் சாவியைத் தர மாட்டார். தனியாள் என்றால் மார்க்கெட் சாமான், அன்று மாலையே போய்விடலாம். வண்டிக்குச் சொந்தக்காரரின் விருப்பம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

வில்லிபுத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய் ஒருவர் சாமான்களைத் தன் ஸ்கூட்டரில் தானே கொண்டுவந்து தருவார். கடையில் ஆள் இருந்தாலும் அனுப்ப மாட்டார். மிலிட்டரியிடம் சண்டை போடும் சுகத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"ஓய், ரெண்டும் ஒரே உலைலதான்வே வேகுது. பாதி கம்பெனிப் பெட்டிக்குள்ள போகுது, பாதி அவிய சொந்தப் பெட்டிக்குள்ள போகுது. அட்டைப்பெட்டிக்கா இம்புட்டு மரியாதை?"

"சில சாமான் அப்பிடித்தான் பாய். எது அப்பிடி, எது அப்பிடி இல்லன்னு உமக்குத் தெரியுமா?"

"எனக்கெப்பிடி தெரியும்?"

"எனக்கும் தெரியாது. தெரியாத எடத்துல பெட்டியத்தான் நம்பணும். நாளைக்குக் கேக்க ஒரு ஆளு இருக்குல்லா."

"ஒடிஞ்ச பொறவு யாருவே போய்க் கேப்பா? பக்கத்துல உக்காந்தவனா?"

மிலிட்டரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவனால கேக்க முடியாதுன்னுதான் நான் மொதல்லயே கேட்டுக்கிடுதேன்."

பாய் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். தோற்றுப் போகிற நாட்களில் அது முதல் உதையிலேயே கிளம்பிவிடும்.

டீக்கடையில் இதற்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள். பட்டாளத்தில் ஏதோ மலைப்பாதையில் விபத்து, பக்கத்து சீட்டில் இவருடைய சிநேகிதர், இப்படி. ஒருநாள் நான் நேரடியாகக் கேட்டேன். "ஒண்ணும் நடக்கல" என்றார். "மலையில ரோடு. நான் மெக்கானிக்கு, டிரைவர் கெடையாது. இருபது வருசமும் பக்கத்து சீட்டுலயே போனேன், வந்தேன். அம்புட்டுதான்."

இதை நம்பாமல் டீக்கடை தன் கதையையே வைத்துக்கொண்டது. எனக்கு அவர் சொன்னது போதுமாயிருந்தது. வேலை முடிந்ததும் வண்டியைச் சோதிக்கிற விதமும் அப்படித்தான். சொந்தக்காரர் ஓட்ட வேண்டும். அவர் இடப்பக்கம் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்கத் தொடைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். ஆலை கேட் வரை போய்த் திரும்புவதற்குள் முகத்தில் எங்காவது ஒரு சுருக்கம் விழுந்தால் மறுபடியும் கழற்றுவார்.

அவரால் ஊருக்கு நன்மையே விளைந்தது என்று எழுதிவிட முடியாது. தளவாய்புரம் சங்கதி இருக்கிறது.

வேன் வைத்திருந்த ஒருவன் வந்தான். கோழித்தீவனம் ஏற்றுகிறேன், நான் மட்டும்தான் என்றான். மார்க்கெட் சாமான் போட்டு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, சேத்தூரில் ஒரு கல்யாணத்துக்காக நானும் அவரும் ஒரே பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். தளவாய்புரத்தில் பேருந்து நின்றபோது எதிரே அந்த வேன். உள்ளே பதினோரு பெண்கள், நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போகிறவர்கள். இவர் இறங்கிப் போய் வேனுக்கு முன்னால் நின்றார். பின்னாலேயே நானும் இறங்கினேன்.

"ஏலே, கோழித்தீவனம் சேலை கட்டியிருக்கோ?"

வேன்காரன் நெளிந்தான். "ஒரு நாளைக்கு ஆத்திர அவசரத்துக்கு ஏத்துனேன் அண்ணாச்சி."

"எது ஒரு நாளு?" என்றாள் முன்சீட்டில் இருந்த பெண். "ஆறு மாசமா இதுலதான நசுங்கிக்கிட்டுப் போறோம்."

இவர் சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டார். "எல்லாரும் எறங்குங்க தாயி. சாமான் பத்தாது."

"எறங்கி? நீரு தூக்கிட்டுப் போவீரா? எட்டரைக்கு கேட்டச் சாத்திருவான்யா. அரை நாள் சம்பளம் போச்சுன்னா உம்ம வீட்டுலருந்தா வரும்?"

"உசுரு பெருசு தாயி."

"நேத்தும் இதே சாமான்தான? நேத்து நாங்க சாகலல்லா?"

அவர் சாவியைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பெண்கள் திட்டிக்கொண்டே நடந்தார்கள். இவரும் பின்னாலேயே நடந்தார். கேட் சாத்தியிருந்தது. காவலாளியிடம் என்னவோ சொல்லிப் பார்த்தார், கேட் கேட்டாகவே இருந்தது. கல்யாணத்துக்கு நாங்கள் போனபோது பந்தியே முடிந்துவிட்டது. மறுநாள் அந்த வேனுக்குக் கம்பெனி சாமான் வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் மாட்டிக் கொடுத்தார். பெண்கள் அதை மன்னிக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் அவர் தலை தெரிந்தாலே, "ஏட்டி, சாமான் போறாரு பாரு" என்று ஒரு குரல் வரும். அவர் நடையை மாற்றாமல் போவார்.

என் முறை ஒரு ஆடி மாதம் வந்தது. வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் டக்கென்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்ந்து, நான் சொன்னதைப் பாதி கேட்டது. ஷெட்டுக்குப் போனேன். கண்ணாடி வெளியே வந்தது. ஊதினார். துடைத்தார்.

"பக்கத்துல யாரு உக்காருவா?"

"யாருமில்ல அண்ணாச்சி. நான் மட்டும்தான்."

ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நினைப்புத்தான். பிறகு குனிந்து, முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற கம்பியின் நுனியில் ஒரு மூட்டு. நெல்லிக்காய் அளவுக் குமிழ் ஒரு கிண்ணத்துக்குள் உருளும், அதுதான் தேய்ந்திருந்தது. "மார்க்கெட் சாமான் போதும். செத்த நேரம் இருங்க" என்றார்.

போதும் என்ற சொல் எனக்குள் எங்கோ போய் இடித்தது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று எண்ணிக்கை குறைந்துபோன மனிதனுக்கு அந்தச் சொல் சும்மா கடந்து போகாது.

"ஏன் அண்ணாச்சி, தனியாப் போறவன் உசுருன்னா எளக்காரமா?"

வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "யாரு சொன்னா? ஸ்டீயரிங்கு உங்க கையில இருக்கு. மூட்டு ஆட்டங்கண்டா மொத மொதல்ல உங்க கைக்குத்தான் தெரியும். நிறுத்திருவீக, எங்கிட்ட வந்துருவீக. இப்ப வந்தீகள்லா, அது மாதிரி." ஸ்பேனர் ஒரு சுற்றுச் சுற்றியது. "பக்கத்துல இருக்கவ கையில என்ன இருக்கு தம்பி? ஒண்ணுமில்ல. உங்கள நம்பிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கா. சும்மா உக்காந்திருக்கவளுக்குத்தான் நல்ல சாமான் போடணும்."

பக்கத்தில் இருக்கவ என்று ஏன் சொன்னார் என்று கேட்கவில்லை. வாய்க்கு வந்திருக்கும்.

அன்று வீடு திரும்பும்போது வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சத்தமில்லாத வண்டியில் வேறு சத்தங்கள் கேட்கும். மடவார் வளாகத் தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு வளைவு ஞாபகத்தில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கேதான். பின்சீட்டில் அவள் அம்மா என்னவோ சொன்னாள். முன்னால் இருந்து நான் என்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல என் கால் அழுத்தியது. வண்டி வளைவை விட்டு மண்ணில் இறங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இடப்பக்கம் மகள். அவளுடைய இரண்டு கைகளும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றன. பிறகு இறங்கினாள், நடந்தாள். அன்றைக்கு வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பேக்கரியில் பெருமையாகச் சொன்னேன். "ஸ்டீயரிங் எல்லாம் சரி பண்ணியாச்சு பாப்பா. புது சாமான்."

"அன்னைக்கு ஸ்டீயரிங்கா கெட்டிருந்துச்சு?" என்றாள். கோபமில்லை. கேள்விதான்.

மேசைமேல் ஈ ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் மிலிட்டரி சொன்னதைச் சொன்னேன், சும்மா உட்கார்ந்திருப்பவர் கையில் ஒன்றுமில்லை என்பதை. மன்னிப்பு மாதிரி சொல்ல வரவில்லை. யாரோ சொன்ன தகவல் மாதிரித்தான் வந்தது. பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"யாருப்பா அவரு?"

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தாள். ஓட்டுநர் உரிமம். என்னிடம் சொல்லாமல் வண்டி பழகியிருக்கிறாள். "உங்க வீட்டுக்கு வாரேன். ஆனா நாந்தான் ஓட்டுவேன். அடுத்த வாரம். மொதல்ல அந்த மிலிட்டரிய எனக்குக் காட்டணும்."

அந்த வாரம் வீட்டைக் கழுவினேன். தட்டு வாங்கினேன். சனிக்கிழமை காலை வண்டியோடு ஷெட்டில் காத்திருந்தேன். அவள் பேருந்தில் வந்து ஆலை நிறுத்தத்தில் இறங்கி, துப்பட்டாவைக் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தாள். ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்பது என் கணக்கு. மிலிட்டரி கண்ணாடியைத் துடைத்தார்.

"பக்கத்துல யாரு?"

"அப்பா" என்றாள்.

"அப்ப ஓட்டுறது?"

"நாந்தான்."

அவர் போய்ச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "வண்டி போகாது தாயி. மதுரைலருந்து சாமான் வரணும். செவ்வாக்கெழமை வாங்க."

நான் குறுக்கே போய் நின்றேன். "அண்ணாச்சி, ஆடியிலதான மாட்டினீக. நல்லாத்தான இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. ஓட்டுன உங்களுக்கு நல்லா இருந்துச்சு. இனி நீங்க சும்மால்லா உக்காரப் போறீக."

அவரைத் தனியே இழுத்துப் போனேன். இரண்டு வருடத்தை இரண்டு வரியில் சொன்னேன். இன்றைக்கு விட்டால் இவள் திரும்ப வருவாளோ மாட்டாளோ என்றேன். குரல் உடைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் என் தோளில் கை வைத்தார். கிரீஸ் கை. வைத்துக்கொண்டே, முடியாது என்று தலையாட்டினார். தளவாய்புரத்துப் பெண்கள் அவரை ஏன் மன்னிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உடம்பிலேயே விளங்கியது. கேட் சாத்துகிற நேரம் எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அது சாமான் இல்லை.

மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "செவ்வாக்கெழமை காலேஜ் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. எதிர்ப்பக்கப் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள்.

அவர் அதற்கடுத்த வருடம் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, மகன் இருக்கிற ஊருக்குப் போனார். புனே என்கிறார்கள், செகந்திராபாத் என்கிறார்கள். எனக்கு அவர் மீது அன்பா என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. அந்த மூன்று நாள் நான் அவரை வெறுத்தேன். அதை மறைத்து எழுதுவது டூப்ளிகேட் வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு சாமான் மாட்டி முடிந்திருந்தது. கழற்றியதை செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்தார். "நல்ல சாமான். தனியாளா ஆனா வாங்க, திரும்ப மாட்டித் தாரேன்." கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த முதல் பேருந்து நிற்கவே இல்லை. இரண்டாவதிலிருந்து ஆலைக்காரர்கள் இறங்கினார்கள். மலைக்குப் பின்னால் வெயில் சரிந்துகொண்டிருந்தது. மூன்றாவதிலிருந்து, தோளில் கல்லூரிப் பையோடு அவள் இறங்கினாள். நேரே அவரிடம் போய்ச் சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தார்.

"ஓட்டிப் பாத்துருவோமா? ஏறுங்க அண்ணாச்சி" என்றேன், வழக்கம் தெரிந்தவனாக.

"நான் எதுக்கு? அந்த சீட்டுலதான் ஆளு இருக்குல்லா" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

அவள் ஏறி, என் கால் நீளத்துக்கே பழகிக் கிடந்த சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். நான் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பெல்ட் வர மறுத்து, விக்கி, பிறகு வந்தது. வண்டி மேடேறிச் சாலையைத் தொட்டது. எதிரே ஒரு லாரி. என் கைகள் எதையோ தேடி எழுந்தன, ஒன்றும் அகப்படவில்லை, மடியில் இறங்கின. லாரி கடந்து போனது.

"சட்டையப் பாருங்க" என்றாள்.

இரண்டு வருடமாக யாரும் தொடாத பெல்ட். வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு புழுதிக் கோடு.

"இருக்கட்டும். நீ ரோட்டப் பாரு."

"ரோட்டத்தான்ப்பா பாக்கேன்."